வேலிக்குள் ஒரு போலீஸ்: வளாகத் துணைப் போலீசாரின் அதிகாரம் எதுவரை?

மூன்றாம் பருவத்தில் என் மோட்டார் சைக்கிள் திருடு போனது. இரவு பதினொரு மணிக்கு விடுதிக் கொட்டகையில் பூட்டி நிறுத்தினேன். காலை எட்டு மணி விரிவுரைக்கு இறங்கி வந்தபோது அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அறை நண்பனையும் இழுத்துக்கொண்டு வளாகப் பாதுகாப்புப் பிரிவு அலுவலகத்துக்கு ஓடினேன். கருநீலச் சீருடையில் இருந்தவர் என்னை அமரச் சொல்லி, பெயர், மெட்ரிக் எண், வண்டி எண், நிறம் என்று எல்லாவற்றையும் ஒரு பெரிய புத்தகத்தில் எழுதிக்கொண்டார். கையொப்பமிட்டேன். போலீசில் புகார் கொடுத்தாகிவிட்டது என்ற நிம்மதியோடு விரிவுரைக்குப் போனேன்.

"பாலாயிலும் ஒரு ரிப்போர்ட் போட்டுவிடு" என்று அவர் இரண்டு முறை சொன்னதாக நண்பன் பிற்பாடு சொன்னான். என் காதில் அது ஏறவில்லை. சீருடை போட்டவரிடம் சொன்ன பிறகு வேறு எந்தப் போலீஸ் என்பதுதான் என் எண்ணம்.

மூன்று வாரம் கழித்து, கூலாயில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். அந்த மோட்டாரில் வந்த இருவர் ஒரு மாதின் கைப்பையைப் பறித்துக்கொண்டு போயிருந்தார்கள். வண்டி அப்பாவின் பெயரில் இருந்தது. நிலையத்தில் அப்பா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: மோட்டார் களவு போய்விட்டது, பையன் ரிப்போர்ட் செய்திருக்கிறான். அவர்கள் ரிப்போர்ட் எண்ணைக் கேட்டார்கள். அப்பா எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, ரிப்போர்ட் நம்பர் என்னப்பா?" என்று கேட்ட அந்தக் குரலை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. சொல்வதற்கு என்னிடம் எண் இல்லை.

அன்பார்ந்த தம்பி தங்கைகளே, நான் வழக்கறிஞன் அல்லன், பொறியியல் படித்தவன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். நான் அன்று அறியாதிருந்ததை இந்த ஆண்டு புகுமுக மாணவர்களாவது முதல் வாரத்திலேயே அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகம் ஆயிரம் எக்டருக்கும் அதிகமான பரப்புடையது. ஒரு சிறு பட்டணம் எனலாம். பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வாழும் இடம். இப்படிப்பட்ட வளாகத்தில் நாம் மூன்று விதமான சீருடைகளைப் பார்க்கிறோம். எல்லாரையும் "கார்டு" என்று ஒரே சொல்லால் அழைத்துப் பழகிவிட்டோம். குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலாவது, குத்தகை நிறுவனம் அனுப்பும் பாதுகாவலர். 1971ஆம் ஆண்டு தனியார் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற நிறுவனத்தின் ஊழியர் இவர். இவருக்குப் போலீஸ் அதிகாரம் எதுவும் கிடையாது. கைது செய்யும் அதிகாரத்தில் இவரும் நாமும் ஒன்றுதான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு எந்தக் குடிமகனுக்கும் அந்த அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் குற்றம் அவர் கண்முன் நடந்திருக்க வேண்டும். அது ஜாமீனில் விட இயலாத, வாரண்டின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாகவும் இருக்க வேண்டும். பிடித்தவரைத் தாமதமின்றிப் போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, துணைப் போலீஸ்காரர். மலாயில் 'போலீஸ் பந்துவான்' என்பார்கள். அன்று என் புகாரை எழுதிக்கொண்டவர் இவர்தான். 1967ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 47ஆவது பிரிவுதான் இவருக்குப் பிறப்புச் சான்றிதழ். நியமன அதிகாரம் தேசியப் போலீஸ் படைத் தலைவருடையது, சம்பளம் பல்கலைக்கழகத்துடையது. துறைமுகங்கள், விமான நிலையங்கள், வங்கிப் பண வண்டிகள் ஆகியவற்றைக் காப்பதும் இதே வகைத் துணைப் போலீசார்தாம். சீருடையும் பதவிப் பெயர்களும் அரச மலேசியப் போலீஸ் படையைப் பார்த்து அமைந்தவை. எட்ட நின்று பார்க்கும் பதினெட்டு வயது மாணவனுக்கு வேறுபாடு தெரியாமல் போவதில் வியப்பில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் 'போலீஸ் பந்துவான்' என்ற சொற்கள் தெரியும்.

மூன்றாவது, அரச மலேசியப் போலீஸ் படையைச் சேர்ந்தவர். இவர் அன்றாடம் வளாகத்தில் இருப்பதில்லை. ஆனால் வரவேண்டிய நேரத்தில் வருவார். துணைவேந்தரின் அனுமதியின்றிப் போலீஸ் வளாகத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அது மரியாதை கருதிய வழக்கமாக இருக்கலாம்; சட்டத்தில் அப்படியொரு மதில் கிடையாது.

இனி துணைப் போலீசாரின் அதிகாரத்துக்கு வருவோம். அது வெறும் பொம்மை அதிகாரம் அன்று. தமக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில், கடமையில் இருக்கும்போது, போலீஸ்காரருக்கு உரிய அதிகாரத்தோடு அவர் செயல்படலாம், கைதும் செய்யலாம். அவர் கடமையைச் செய்யவிடாமல் தடுத்தால், 'நீ வெறும் கார்டுதானே' என்ற வாதம் நம்மைக் காப்பாற்றாது. ஆனால் அந்த அதிகாரத்துக்கு ஒரு வேலி உண்டு. அவர் யாருக்காக நியமிக்கப்பட்டாரோ அந்த நிறுவனத்தின் இடமும் உடைமையும்தான் அவருடைய எல்லை. தாமான் யுனிவர்சிட்டி கடைத்தெருவில் நடக்கும் சண்டையை விலக்குவது அவருடைய வேலை அன்று.

இன்னொரு எல்லை இதைவிட முக்கியமானது. அவர் கைது செய்யலாம். வழக்கை நடத்த முடியாது. பிடித்தவரை அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தாக வேண்டும். குற்ற விசாரணை, தடுப்புக் காவல், குற்றச்சாட்டுக்கான ஆவணங்கள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும். பாதுகாப்புப் பிரிவு அலுவலகத்தில் லாக்கப் கிடையாது. என் புகாரும் அதனால்தான் அந்தப் பெரிய புத்தகத்தோடு நின்றுபோனது. அது பல்கலைக்கழகத்தின் உள்பதிவு. ஸ்கூடாய்ப் பகுதி மாணவர் என்றால் தாமான் யுனிவர்சிட்டி நிலையத்திலும், பாரிட் ராஜா மாணவர் என்றால் பாரிட் ராஜா நிலையத்திலும் புகார் செய்தால்தான் அது போலீஸ் ரிப்போர்ட் ஆகும். காப்புறுதி நிறுவனமும், வண்டிக் கடன் கொடுத்த நிறுவனமும், சாலைப் போக்குவரத்து இலாகாவும் கேட்பது அந்த ரிப்போர்ட்டைத்தான். காசு கொடுக்க வேண்டியதில்லை. ரிப்போர்ட் செய்து நான்கு வாரமாகியும் ஒரு தகவலும் இல்லையென்றால், விசாரணை எந்த நிலையில் உள்ளது என்று எழுத்து மூலம் கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு. 2007இல் வந்த இந்த உரிமையை நம்மில் எத்தனை பேர் பயன்படுத்தியிருக்கிறோம்?

கைது என்று வந்துவிட்டால், கைது செய்த கை எதுவாக இருந்தாலும் நம் உரிமை மாறுவதில்லை. எதற்காகக் கைது என்று சொல்ல வேண்டும்; வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க விட வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவை கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி தருபவை. வாக்குமூலம் எடுக்கும் முன் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல அனுமதிக்க வேண்டும் என்கிறது 28ஏ பிரிவு. பெண்ணைச் சோதனையிட வேண்டுமானால், கண்ணியம் குறையாமல் ஒரு பெண்தான் சோதனையிட வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் எங்கே என்று கலங்குவோருக்கு ஒரு செய்தி: தேசியச் சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் தடுப்புக் காவல் விசாரணையில் மலேசியர்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை அனுப்புகிறது.

இதையெல்லாம் நம் வீட்டில் பேசிப் பாருங்கள். பெற்றோர் முகம் மாறும். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் நிலையத் தடுப்புக் காவலில் ஆ.குகன் இறந்தபோது, ஆண்பிள்ளை பெற்ற ஒவ்வொரு தமிழ்த் தாயும் கலங்கினாள். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சீருடை என்றாலே விலகிப் போவது, அல்லது சீருடையைக் கண்டதும் குரலை உயர்த்துவது, இரண்டுமே நமக்குத்தான் கேடு. வளாகத்தில் நான் கண்ட துணைப் போலீசாரில் பெரும்பாலோர் சாதாரணக் குடும்பஸ்தர்கள். நள்ளிரவில் விடுதிக்குள் பாம்பு வந்தபோது ஓடி வந்தவர்கள். என் நண்பனுக்கு வயிற்றுவலி கண்டபோது தங்கள் ரோந்து வண்டியில் ஏற்றிப் போனவர்கள். "பாக்சிக்" என்று அழைத்தால் உருகிவிடுவார்கள்.

இப்போது நம்மில் பலர் தடுமாறும் இடத்துக்கு வருகிறேன். துணைப் போலீஸ்காரர் தலையில் இரண்டு தொப்பிகள் இருக்கின்றன. ஒன்று போலீஸ் சட்டம் கொடுத்தது. மற்றொன்று பல்கலைக்கழகம் கொடுத்தது. நுழைவாயிலில் மெட்ரிக் அட்டையைக் கேட்கும்போதும், ஸ்டிக்கர் இல்லாத காரைத் திருப்பி அனுப்பும்போதும், வாகன நிறுத்துமிடத்தில் சம்மன் எழுதும்போதும் அவர் பெரும்பாலும் இரண்டாவது தொப்பியோடு நிற்கிறார். அவை நாம் பதிவு நாளில் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட விதிகள். பல்கலைக்கழக விதியின் கீழ் எழுதப்பட்ட சம்மன் பல்கலைக்கழகத்தோடு தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. அதற்காக வளாகத்துக்குள் தலைக்கவசம் இல்லாமல் ஓட்டலாம் என்று பொருளாகாது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 'சாலை' என்பது பொதுமக்கள் போய்வரும் சாலைகளையும் சேர்த்ததுதான். போக்குவரத்துப் போலீஸ் உள்ளே வந்து எழுதினால் அது உண்மையான சம்மன்.

தொப்பி எது என்பது ஏன் முக்கியம்? ஏனெனில் ஒரே செயலுக்கு இரண்டு பாதைகள் திறக்கலாம். விடுதியில் அடிதடி என்று வையுங்கள். ஒரு பாதை போலீஸ் நிலையம், அரசுத் தரப்பு வழக்கறிஞர், நீதிமன்றம் என்று போகும். மற்றொரு பாதை மாணவர் விவகாரப் பிரிவு, ஒழுங்கு நடவடிக்கைக் குழு என்று போகும். முதலாவதில் சிறையும் அபராதமும் உண்டு. நிரூபிக்க வேண்டிய பாரமும் பெரிது. இரண்டாவதில் எச்சரிக்கை முதல் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றுவது வரை தண்டனை உண்டு. போலீஸ் வழக்கு இல்லை என்பதற்காக இரண்டாவது பாதை மூடிவிடுவதில்லை. 'பெரிய கேஸ் இல்லை, உள்ளுக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் நாம் மகிழ்ந்துபோகிறோம். உள்ளுக்குள் முடிவது என்றால் சில வேளை படிப்பே முடிந்துபோவதாகவும் இருக்கலாம்.

எனவே பாதுகாப்புப் பிரிவில் எழுதித் தரும் அறிக்கையை அலட்சியமாக நினைக்காதீர்கள். மலாயில் எழுதப்பட்டதை முழுக்கப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். சொல்லாதது இருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். ஒழுங்கு விசாரணைக்கு அழைக்கப்பட்டால், பல்கலைக்கழக ஊழியர் ஒருவரையோ சக மாணவர் ஒருவரையோ சார்பாளராக வைத்துக்கொள்ள 2009ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்திருக்கிறது. நம் தமிழ் விரிவுரையாளர்கள் கேட்டால் மறுக்கமாட்டார்கள். நாம்தான் வெட்கப்பட்டுக்கொண்டு தனியே போய் நிற்கிறோம்.

இந்த இரண்டாவது பாதை எப்படி இத்தனை அகலமாயிற்று என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதன் ஒரு முனை நம் ஜொகூரிலேயே இருக்கிறது. 1974 பொதுத் தேர்தல் முடிந்த கையோடு, ஜொகூர் பாரு தாசேக் உத்தாராவில் புறம்போக்குக் குடியிருப்பாளர்களின் வீடுகள் உடைக்கப்பட்டன. செப்டம்பரில் அந்த ஏழைகளுக்குத் துணையாகக் கோலாலம்பூரிலிருந்து மாணவர்கள் வந்தார்கள், சிலர் கைதானார்கள். அதே மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கம் வளாக நிர்வாகத்தையே கைப்பற்றியது, சங்கம் முடக்கப்பட்டது. டிசம்பரில் பாலிங் ரப்பர் விவசாயிகளின் வறுமைக்காகக் கோலாலம்பூரில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பிடிபட்டார்கள். போலீஸ் வளாகங்களுக்குள்ளும் நுழைந்தது. ரப்பர் விலை விழுந்தால் அடுப்பு எரியாது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த நம் தாத்தா பாட்டிமார் அறிவார்கள். அந்தப் போராட்டம் அவர்களுக்கும் அந்நியமாக இருந்திருக்காது.

அடுத்த ஆண்டே 1971ஆம் ஆண்டு பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம், அதாவது நாம் 'அவுக்கு' என்று அழைப்பது, கடுமையாகத் திருத்தப்பட்டது. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டாலே மாணவர் தாமாகவே இடைநீக்கம் ஆகும் விதி அதில் இருந்தது. தீர்ப்புக்கு முன்பே தண்டனை! 2009இல்தான் அந்த விதி தளர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். சீருடை அணிந்த துணைப் போலீஸ்காரரின் அதிகாரம் வேலியோடு நின்றுவிடுகிறது. சீருடை அணியாத ஒழுங்கு விதியின் கையோ வேலியைத் தாண்டி நீண்டது. 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது அங்கிருந்த மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்கியது. பாங்கி வளாகம் எங்கே, உலு சிலாங்கூர் எங்கே! முகமட் ஹில்மான் இடாமும் மற்ற மூவரும் நீதிமன்றம் போனார்கள். 2011 அக்டோபர் 31இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மூன்று நீதிபதிகளில் இருவரின் பெரும்பான்மையால், 15(5)(ஏ) பிரிவு பேச்சுச் சுதந்திரத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. 2012இல் மாணவர்கள் அரசியல் கட்சியில் சேர வழி பிறந்தது. வளாகத்துக்குள் கட்சி நடவடிக்கை கூடாது என்ற தடையை 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. அவுக்கு சட்டமே தேவையா என்ற விவாதம் நீள்கிறது. என் சொந்தக் கருத்து: விதி தேவைதான், ஆனால் சக மாணவனின் பாதுகாப்பைத் தொடாத விதிகள் வேலிக்கு வெளியே நமக்குப் பின்னால் நடந்து வரக் கூடாது.

பிற நாடுகளில் எப்படி? அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1894இலேயே நகரப் போலீசார் இருவரை வளாகத்துக்கென்று அமர்த்திக்கொண்டது. இன்று அங்குப் பல வளாகப் போலீசார் முழு அதிகாரம் பெற்ற, துப்பாக்கி ஏந்திய போலீசார். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் எதிர்த்திசையில் போனது. 1825ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வைத்திருந்த தன் சொந்தப் போலீசை 2003இல் கலைத்துவிட்டது. இந்தியாவில் நம்மைப் போல் துணைப் போலீஸ் வளாகங்களில் வேரூன்றவில்லை. தனியார் காவலரும் வெளிப் போலீசும்தான். 2019 டிசம்பர் 15இல் தில்லி ஜாமியா மிலியா வளாகத்துக்குள் போலீஸ் நுழைந்து நூலகத்தில் இருந்த மாணவர்களையும் அடித்தபோது, யாருடைய அனுமதியோடு நுழைந்தார்கள் என்பதே நாடு முழுவதும் கேள்வியானது. உள்ளூர் முகம் அறிந்த ஒருவர் நடுவில் நிற்பதில் ஒரு நன்மை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் இரண்டு தொப்பிகளையும் கலந்து போடாத வரை.

என் மோட்டார் கதையை முடிக்காமல் விட்டேன். அப்பாவை அன்று இரவு வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் மீண்டும் வரச் சொன்னார்கள். விடிந்ததும் நான் பாதுகாப்புப் பிரிவுக்குப் போனேன். அதே மனிதர் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பெரிய புத்தகத்தை எடுத்து, தேதியும் நேரமும் என் கையொப்பமும் உள்ள பக்கத்தை நகலெடுத்து முத்திரை குத்தினார். நிலைய அதிகாரிக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அது போலீஸ் ரிப்போர்ட் ஆகாதுதான். ஆனால் பறிப்பு நடப்பதற்கு மூன்று வாரம் முன்பே வண்டி காணாமற்போனதற்கு எங்களிடம் இருந்த ஒரே எழுத்துச் சான்று அதுதான். கூலாய் நிலையத்தில் அதை வாங்கிப் படித்த சார்ஜன், என்னை உட்காரவைத்து, அப்போதுதான் முறையான ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டார். அப்பாவிடம் ஒரு வாக்குமூலம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

மோட்டார் திரும்பக் கிடைக்கவில்லை. தவணை இன்னும் பதினான்கு மாதம் பாக்கி இருந்தது. அதையும் அப்பாதான் கட்டினார். அந்த ரிப்போர்ட்டின் நகலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி மேடைக்குக் கீழே இழுப்பறையில் வைத்திருக்கிறார். தம்பி பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிய அன்று அதை எடுத்து, எண் எங்கே இருக்கிறது பார் என்று அவனுக்குக் காட்டினார்.